சூடானால் நின்றுவிடும் வண்டி

என் கல்யாணத்துக்கு நைனா வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிளை மண்டப வாசலில், வாழை மரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஹேண்டில்பாரில் ரோஜா மாலை, ஹெட்லைட்டில் சந்தனப் பொட்டு, சீட்டில் இன்னும் கிழிக்காத பிளாஸ்டிக் உறை. சாப்பிட்டுவிட்டு வெற்றிலையோடு வெளியே வந்தவர்கள் எல்லாரும் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நைனா அன்றைக்குப் பெண்ணைப் பெற்றவராக மேடையில் நின்ற நேரத்தைவிட, ஏதாவது குழந்தை ஏறி வண்டியில் கோடு போட்டுவிடப் போகிறதே என்று வாசலில் நின்ற நேரம்தான் அதிகம்.

எங்களுக்கு வடசென்னையில் திருவொற்றியூர். அப்பாவை நைனா என்று கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். அம்மா நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டாள். நைனா அங்கேயே ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக ஆட்களைக் குறைத்தபோது, அவரும் விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். விருப்பம் என்று காகிதத்தில்தான் இருந்தது. கையில் கொடுத்ததை வைத்து என் கல்யாணத்தை நடத்தினார்.

மாப்பிள்ளை வீடு ராயபுரம். அவர் துறைமுகத்தை ஒட்டி ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருந்தார். கப்பலில் வந்து இறங்கும் சரக்குக்கான காகிதங்களை ஆபீசுக்கும் கஸ்டம்சுக்கும் கன்டெய்னர் யார்டுக்குமாகத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க அலைகிற வேலை. பெண் பார்க்க வந்த அன்றே மாமியார், "புள்ளைக்கு ஒரு வண்டி இருந்தா சௌரியமா இருக்கும்" என்றார். கேட்ட மாதிரியும் இல்லாமல் கேட்காத மாதிரியும் இல்லாமல் ஒரு குரல். நைனா உடனே தலையாட்டினார்.

நைனாவுக்கு சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாது. ஸ்டோர்ஸில் கூட வேலை பார்த்த அவருடைய தோஸ்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினார். "புச்சா எறங்கிக்கீது. இப்ப இதான் டாப்பு" என்று தோஸ்து சொன்ன மாடலையே எடுத்தார்கள். விலை கொஞ்சம் கூட. பரவாயில்லை என்றார் நைனா. பதிவு மாப்பிள்ளை பேரில். சாவியை மண்டபத்தில் தாம்பாளத்தில் வைத்துத்தான் கொடுத்தார்.

கல்யாணம் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு நைனா வீட்டில் சாப்பிடலாம் என்று நானும் அவரும் கிளம்பினோம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை. வலப்பக்கம் கருங்கல் கொட்டிய கடற்கரை. அதை ஒட்டித் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள், கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றன் பின் ஒன்றாக. எங்கள் பக்கம் காலி டிரெய்லர்கள் தடதடவென்று போய்க்கொண்டிருந்தன. காசிமேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். வண்டி இருமவில்லை, குலுங்கவில்லை. சத்தம் மட்டும் நின்றுபோனது. காற்றில் அவர் சட்டை படபடக்கிறது கேட்டது. பின்னால் டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. அந்தக் காற்றில் என் புடவை முந்தானை முகத்தில் வந்து அறைந்தது.

ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் அவர் உதைத்தார், உதைத்தார், உதைத்துக்கொண்டே இருந்தார். டேங்கைத் திறந்து ஆட்டிப் பார்த்தார். பெட்ரோல் இருந்தது. லாரிக்கடியில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர், "இன்னா மாமு, புது வண்டி மாரி கீது, அதுக்குள்ளயே மொரண்டு பண்ணுதா?" என்று சிரித்தார். வியர்த்து வழிய என் வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் கழித்துச் சும்மா ஒரு உதை விட்டபோது, ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பியது. எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாப்பிடும்போது அதை நைனாவிடம் வேடிக்கையாகத்தான் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. மீன் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"அத்த வுடுங்க மாமா. புது வண்டி, போகப் போக செட்டாயிடும்" என்று அவரே நைனாவைத் தேற்றினார். அப்போது எங்கள் எல்லாருக்கும் நல்ல மனசு இருந்தது.

வண்டி செட்டாகவில்லை. வெயிலில் நீண்ட தூரம் ஓடினால் நிற்கும். நிழலில் விட்டுவிட்டால் தானே சரியாகிவிடும். சில வாரம் ஒரு தடவைகூட நிற்காது. சில நாள் மணலிக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. கப்பல் காகிதம் நேரத்துக்குப் போகாவிட்டால் கன்டெய்னர் அன்றைக்கு வெளியே வராது. அவருடைய முதலாளி எல்லார் முன்னாலும் கத்துவாராம். எங்கள் தெருவில், எண்ணெய் போட்டுத் துடைத்த புது வண்டியை சண்டி மாட்டைப் போல அவர் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை.

மாமியார் வாசலில் நின்று சொல்லுவார்: "தோ வந்துடுச்சி பாரு, சீர் வண்டி."

கொஞ்ச நாளில் அதற்கு அதுவே பேராகிவிட்டது. பிறகு ஒருநாள் என்னிடமே கேட்டார். "மெய்யாலுமே புச்சு தானா? இல்ல, எங்கனா அடிபட்ட வண்டிய பெயின்ட் அடிச்சி உங்க நைனா தலையில எவனாச்சும் கட்டிட்டானா? கம்மியா வந்துதுன்னு வாங்கிட்டாரா?"

"ஷோரூம்ல எடுத்தது அத்தே. பில்லு கூட உங்க கிட்ட தானே கீது?"

"பில்லு கீது. வண்டி ஓடலியே."

வண்டி ஓடவில்லை என்பது உண்மைதான்.

ஆடிக்கு என்னை நைனா அழைத்துப்போயிருந்தார். அந்தச் சமயத்தில் ஒருநாள் என் வீட்டுக்காரர் வண்டியோடு வந்தார். உள்ளே வரவில்லை. சாவியை நைனா கையில் கொடுத்து, "உங்க வண்டிய நீங்களே பாத்துக் குடுங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் நானும் நைனாவும் வண்டியை சர்வீஸுக்குக் கொண்டுபோனோம். கொண்டுபோனோம் என்றால் தள்ளிக்கொண்டு போனோம். ஓட்டத் தெரியாதே. நன்றாக ஓடக்கூடிய நிலையில் இருந்த வண்டியை, திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெடுக நைனா தள்ளிக்கொண்டு நடந்தார். "இன்னா பெர்சு, பெட்ரோல் இல்லியா?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று, "இல்லப்பா, சர்வீஸுக்கு" என்று பதில் சொன்னார்.

முன்பக்கம் கண்ணாடி போட்ட ஷோரூம். சர்வீஸ் பின்பக்கம், சந்து வழியாகப் போகவேண்டும். சூப்பர்வைசர் என் வயசுப் பையன்தான். டை கட்டியிருந்தான். மரியாதையாகவே பேசினான்.

"ஓனர் நீங்களா சார்?"

"மருமவன் பேர்ல கீது சார். நான் வாங்கிக் குடுத்தேன்."

"ஓனர் வரணுமே. சரி, இந்த வாட்டி எழுதிக்கறேன். என்ன கம்ப்ளெய்ன்ட்?"

"சூடானா நின்னுடுது சார்."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்தான். "பஸ்ட் கிளாஸா ஓடுதே!" என்றான். சந்தோஷமான சேதி சொல்கிற முகம்.

"இப்ப ஓடும் சார். சூடாவணும்."

"பெட்ரோல் எங்க போடறாங்க? இந்த ஏரியால கலப்படம் ஜாஸ்தி. அப்புறம் சில பேர் அரை கிளட்ச்லயே ஓட்டுவாங்க. பாத்துடறோம் சார்."

பிளக்கை மாற்றினார்கள். கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். வண்டியைத் தண்ணீர் அடித்து, துடைத்து, பாலிஷ் போட்டு, கல்யாண மண்டபத்தில் நின்ற மாதிரியே ஆக்கிக் கொடுத்தார்கள். நைனாவின் தோஸ்து அதை ராயபுரத்தில் கொண்டுபோய் விட்டார். சில நாளில் அது திரும்ப நின்றது.

அதற்கப்புறம் எத்தனை தடவை அந்தச் சந்துக்குள் நைனா போனார் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் வண்டி அங்கே நன்றாக ஓடியது. ஒவ்வொரு தடவையும் பளபளவென்று திரும்பி வந்தது. அரை கிளட்ச் என்று சூப்பர்வைசர் சொன்னதை நைனா மாப்பிள்ளையிடம் சொல்லவே இல்லை. அவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று பயம். பெட்ரோலைப் பற்றி மட்டும் ஒருதரம், "வேற பங்க்ல போட்டுப் பாக்கலாமா மாப்ள?" என்று கேட்டார். மாப்பிள்ளை எழுந்து போய்விட்டார்.

கம்பெனிக்கே சொல்லிவிடலாம் என்று ஒருநாள் நைனாவுக்குத் தோன்றியது. வண்டியோடு வந்த புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு நம்பர் இருந்தது. நான் நைனா வீட்டுக்குப் போயிருந்தபோது என்னையும் அழைத்துக்கொண்டு எஸ்டிடி பூத்துக்குப் போனார். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், டைப்ரைட்டிங் படித்திருந்தேன் என்பதால். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். மீட்டர் சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். உங்கள் பகுதியைப் பார்க்கிறவர்கள் நம்பரைத் தருகிறேன், அவர்கள் உடனே கவனிப்பார்கள் என்றாள். அந்த நம்பரைப் போட்டோம். எடுத்தது நம்முடைய சூப்பர்வைசர்.

"சொல்லுங்க சார், வண்டி எப்டி ஓடுது?" என்றான்.

நைனா போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அவர் கடைசியாகச் செய்து பார்த்தது இது. நிற்கும்போது அவர்கள் கண்ணால் பார்த்தால்தானே நம்புவார்கள்? வண்டியை நிற்கிற வரைக்கும் ஓட்டுவது, நின்ற இடத்திலிருந்து சூட்டோடு சூடாக சர்வீஸுக்கு போன் போட்டு ஆளை வரவழைப்பது என்று முடிவு செய்தார். சூப்பர்வைசரும் சரியென்று ஒத்துக்கொண்டான். தோஸ்து ஓட்ட, நைனா பின்னால் உட்கார, வெயில் ஏறினதும் கிளம்பினார்கள். எண்ணூர் போனார்கள். அங்கிருந்து மணலி. மணலியிலிருந்து மாத்தூர் பக்கம் போய், திரும்ப எண்ணூர். வழியில் சாப்பிடவும் இறங்கவில்லையாம், ஆறிவிடும் என்று.

சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து இறங்கினபோது, அங்கே வந்திருந்த எனக்கு அடையாளமே தெரியவில்லை. எண்ணூர்ப் பக்கத்துக் கரி லாரிகளின் தூசு முகமெல்லாம் அப்பி, கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. தோஸ்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"நிக்கவே இல்லமா" என்றார் நைனா.

வண்டி நன்றாக ஓடியதற்காக ஒரு மனுஷன் அழுகிற நிலைக்குப் போனதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "ஒரு தபா. ஒரே ஒரு தபா நின்னுருந்தா போதும். கோயில் தாண்டும்போதெல்லாம் வேண்டிக்கினேன், நின்னுடணும்னு."

மறுநாள் என் வீட்டுக்காரர் வந்து அதை எடுத்துக்கொண்டு போனார். தண்டையார்பேட்டை போவதற்குள் நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று நான் எழுதிவிட முடியாது. ஒருநாள் சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது, தண்ணித் தொட்டிமேல் தனியாக உட்கார்ந்திருந்தார். துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும் அங்கிருந்து. என்னவென்று கேட்டேன்.

"பயமா கீது" என்றார். "எப்ப நிக்கும்னு தெரில. முன்னாடி போறவன ஓவர்டேக் பண்ணச் சொல்ல திடீர்னு நின்னுதுன்னா? பின்னாடி டிரெய்லர்காரன் வந்துகினே இருப்பான். அவனால பிரேக் புடிக்க முடியாது. வெயிட்டு அப்டி."

"அப்போ ஓட்டாதீங்க. பஸ்ல போங்க."

"பஸ்ல போனா வேல போயிடும். வண்டி கீதுன்னு சொல்லித்தான் இந்த ரூட்ட குடுத்தாரு." கிரேன்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க நைனா கிட்ட கத்தறேன்னு எனக்கும் தெரியுது. வேற யார் கிட்ட கத்தறது?"

விற்றுவிடலாமே என்றால், சீர் வண்டியை விற்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் அவர் பயந்துகொண்டே ஓட்டினார். நான் பயந்துகொண்டே வாசலைப் பார்த்தேன். நைனா திருவொற்றியூரில் பயந்துகொண்டே இருந்தார்.

என் வீட்டுக்காரர் பயந்தது போலவேதான் நடந்தது. எக்ஸ்பிரஸ் சாலையில், நடு மத்தியானம். முன்னால் போன மீன் லாரியைத் தாண்டப் போகும்போது வண்டி நின்றது. பின்னால் வந்த டிரெய்லர்காரர் முடிந்த மட்டும் ஒடித்திருக்கிறார். அதனால் இவர் உயிர் பிழைத்தார். டிரெய்லரின் பக்கம் இவரைத் தட்டி, வண்டியோடு இழுத்துக்கொண்டு போய் கருங்கல் ஓரத்தில் போட்டுவிட்டது. கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. கால் இரண்டு இடத்தில் உடைந்தது. யார்டில் கூட வேலை செய்கிறவர் ஓடிவந்து சேதி சொன்னபோது, நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக் கையோடு ஓடினேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் நீளமான வார்டு. நைனா வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. கட்டில் வரைக்கும் வரவில்லை. நாலு கட்டில் தள்ளி, யாரோ ஒரு நோயாளியின் கால்மாட்டில் நின்றுகொண்டார். நான் பார்த்தேன். வா நைனா என்று கூப்பிட வாய் வரவில்லை. மாமியார் திரும்பிப் பார்த்தார்.

"வந்துட்டியா சம்மந்தி? வா, வந்து பாத்துக்கோ. ஒம் பொண்ணு தாலிய நீயே அறுக்கப் பாத்தியே."

வார்டு முழுக்கக் கேட்டது. அந்த அம்மாவும் பெற்றவர்தான். மகன் அப்படிக் கிடக்கும்போது வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். நைனா பழப் பையை அந்த நோயாளியின் ஸ்டூல்மேல் வைத்துவிட்டு வெளியே போனார். நான் போய்த் தேடியபோது வராந்தாவில் இல்லை. அந்தப் பழத்தை அந்த நோயாளியின் பெண்சாதி கொண்டுவந்து என்னிடமே கொடுத்தாள்.

வண்டி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பல நாள் கிடந்தது. யாரும் கேட்காமலேயே நைனாவும் தோஸ்தும் போய் அலைந்து அதை வெளியே எடுத்தார்கள். மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஏற்றி சர்வீஸுக்குக் கொண்டுபோன அன்றைக்கு, வண்டிக்கான காகிதங்களைக் கொடுக்க நானும் போயிருந்தேன். ஹேண்டில்பார் கோணலாகி, மட்கார்டு நசுங்கி, டேங்கில் கல் கீறின தடம். நைனா அந்தக் கீறலைக் கையால் தடவிக்கொண்டே நின்றார்.

அன்றைக்கு அங்கே கம்பெனியிலிருந்து ஒரு ஆபீசர் வந்திருந்தார். சட்டைப் பையில் கம்பெனி முத்திரை. வேறு வண்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தவர், எங்கள் வண்டியருகே குனிந்து டார்ச் அடித்து இன்ஜின் நம்பரைப் படித்தார். சூப்பர்வைசரிடம் தணிந்த குரலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இதுவும் அதே லாட்டில் சேர்ந்து வந்த வண்டிதான், இன்னும் மாற்றவில்லையா என்று கேட்டது எனக்குப் புரிந்தது. சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தான். ஆபீசர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். எங்கள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

மெக்கானிக் ஒருவர் வந்து சீட்டுக்குக் கீழே பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு கறுப்புப் பெட்டியைப் பிடுங்கினார். ஒயர்கள் தொங்கின. ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு அட்டைப் பெட்டி வந்தது. அது நிறைய அதே மாதிரிக் கறுப்புப் பெட்டிகள். ஒன்றை எடுத்து ஒயரில் செருகி, மூடியை மாட்டினார். நாங்கள் குடித்துக்கொண்டிருந்த டீ ஆறக்கூட இல்லை.

நைனா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அது இன்னா சார் மாத்துனீங்க?"

"ஃப்ரீதான் பெரியவரே. அதுக்குக் காசு இல்ல" என்றான் சூப்பர்வைசர்.

"காசு கேக்கல சார். இதால தான் நின்னுகினே இருந்துதா?"

"அப்டி சொல்ல முடியாது. இது ஒரு இம்ப்ரூவ்மென்ட். பழைய டைப்ப எடுத்துட்டு புது டைப் போடச் சொல்லியிருக்காங்க."

"எப்போ சொன்னாங்க?"

"எல்லா வண்டிக்கும் இல்ல சார். கம்ப்ளெய்ன்ட் இருக்கற வண்டிக்கு மட்டும்தான் போடச் சொன்னாங்க" என்றான்.

"நான் கம்ப்ளெய்ன்ட் குடுத்துகினே தானே இருந்தேன்? இதே எடத்துல தானே நின்னுகினு இருந்தேன்?"

"நாங்க ஓட்டும்போது நின்னாத்தான் சார் எழுத முடியும். நாங்க பாக்கறப்பல்லாம் ஓடுச்சே."

நைனா என்னைப் பார்த்தார். நான் அந்த அட்டைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எத்தனை நாளாக அந்த ஸ்டோர் ரூமில் இருந்ததோ! ஸ்டோர்ஸிலேயே ஆயுளைக் கழித்தவர் அவர். அலமாரியில் இருக்கிற சாமானைக் கேட்டு வருகிறவனுக்கு எடுத்துக் கொடுப்பதுதான் அவருடைய வேலையாக இருந்தது.

"அந்தப் பழைய பொட்டியயாவது எங்கிட்ட குடுங்க சார்."

"அது கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்."

"அப்ப ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க."

"என்னன்னு எழுதறது பெரியவரே?"

"தப்பு வண்டி மேலதான், வாங்கிக் குடுத்தவன் மேல இல்லன்னு எழுதுங்க. அது போதும். நான் வேற ஒண்ணும் கேக்கல. கேசு கீசு எதுவும் போட மாட்டேன்."

சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்து மூடினான். "அதெல்லாம் நான் எழுத முடியாது சார். எழுதினா என்ன வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றான். பிறகு, "இன்னொரு டீ சொல்லவா?" என்று கேட்டான்.

மற்ற ரிப்பேர்களெல்லாம் முடிந்து வண்டி ராயபுரத்துக்கு வந்தது. தோஸ்து ஓட்டிவர, நைனா பஸ்ஸில் வந்தார். என் வீட்டுக்காரர் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் இருந்தார். நைனா நின்றுகொண்டே சொன்னார். "உள்ள ஒரு பொட்டி கீது மாப்ள, அத்தான் கோளாறு. மாத்திட்டாங்க. எல்லா வண்டிக்கும் மாத்துறாங்களாம். கம்பெனி மேலதான் தப்பு."

"கம்பெனிக்காரன் சொன்னானா அப்டி?" என்று மாமியார் கேட்டார்.

நைனாவுக்குப் பொய் சொல்ல வராது. "சொல்லல சம்மந்தி. ஆனா மாத்துனாங்க. நாங்க கண்ணால பாத்தோம்."

"ஆங்" என்றார் மாமியார். அவ்வளவுதான். நானும் பார்த்தேன் என்று சொன்னேன். மகள் அப்பாவுக்காகப் பேசாமல் யாருக்காகப் பேசுவாள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

எலும்பு கூடி, அவர் மறுபடி வண்டியை எடுக்கப் பல மாதம் ஆனது. முதல் நாள் மாமியார் பூசணிக்காய் உடைத்து, ஹேண்டில்பாரில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டி, தெருக்கோடி அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டு அனுப்பினார். வண்டி நிற்கவில்லை. அந்த வெயில் காலம் முழுக்க நிற்கவில்லை. அடுத்த வருஷமும் நிற்கவில்லை.

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றார் மாமியார். கூழ் ஊற்றினார். நானும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தேன்.

நைனா எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்துபோனது. எனக்கு மகன் பிறந்த பிறகு அவனைப் பார்க்க வந்தாலும், செருப்பைக்கூட முழுதாகக் கழற்றாமல், பேரனைக் கொஞ்சிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

பல வருஷம் கழித்து ஒருநாள், என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். யார்டு வாசலில் அதே மாடல் வண்டியோடு ஒருவரைப் பார்த்தாராம். பேச்சுவாக்கில் அவர், "இந்த வண்டி மொதல்ல வந்தப்ப சூடானா நின்னுடும், தெரியுமா? எங்க ஆபீஸ்ல வாங்குன அத்தினியும் அப்டித்தான். அப்பால சத்தம் போடாம ஒரு பொட்டிய மாத்திக் குடுத்தானுங்க" என்றாராம்.

"நைனா அப்பவே சொன்னாரே" என்றேன்.

"ஆமா." தண்ணீர் குடித்தார். "உங்க நைனா சொன்னது கரெக்ட்டு தான்."

"அத அவர் கிட்ட போய்ச் சொல்லுங்களேன்."

"இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம்? முடிஞ்சி போனது." கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன். கால் வலித்ததோ என்னவோ, முட்டிக்குக் கீழே தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே நான் பஸ் பிடித்துத் திருவொற்றியூர் போனேன். நைனா வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். யார்டு வாசலில் பார்த்த ஆள், அவர் ஆபீசில் வாங்கிய வண்டிகள், பெட்டி மாற்றியது, இவர் ஒத்துக்கொண்டது எல்லாம். நைனா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"மாப்ளயே சொன்னாரா?"

"அவர்தான் சொன்னார் நைனா. உங்க நைனா சொன்னது கரெக்ட்டுன்னு சொன்னார்."

"அவங்க அம்மா இருக்கச் சொல்ல சொன்னாரா?"

"இல்ல நைனா. அவங்க கோயிலுக்குப் போயிருந்தாங்க."

"சரி" என்றார். "சாப்ட்டியா? கானாங்கெளுத்தி மீனு கீது. சுட வெச்சித் தரேன் குந்து" என்று எழுந்து உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் ராயபுரம் திரும்பியதும், நானே மாமியாரிடம் சொன்னேன். அவர் கூடத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரும் இருந்தார். அந்த மாடல் வண்டி எல்லாமே அப்படித்தான் வந்ததாம் அத்தே, கம்பெனி மேல்தான் தப்பாம், நைனா நல்ல வண்டி என்று நம்பித்தான் வாங்கினார் என்று, பலதரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகளைத் தடுமாறாமல் சொன்னேன். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர், "ஆமாம்மா" என்றார் மெதுவாக.

மாமியார் நாரைப் பல்லில் வைத்து அறுத்தார். "இருக்கும்" என்றார். "சரி, அதுக்கு இப்ப இன்னா?"

அதற்கு இப்போது என்ன என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.